ஒரு நாளைக்கு எம்புட்டு

சிம்மக்கல் பழக்கடைகளில் அந்த அக்கா வருவதைத் தூரத்தில் பார்த்ததுமே விலையை ஏற்றி வைத்துக்கொள்வார்கள். அது அக்காவுக்கும் தெரியும். “இவரு நாப்பது சொல்றாருன்னா முப்பதுக்குக் குடுக்கலாம்னு இருக்காரு. எனக்காகப் பத்து ஏத்திருக்காரு. அதனால நான் இருபதுல ஆரம்பிக்கணும்” என்று என் மனைவியிடம் கடைக்காரர் காதுபடவே சொல்வார். கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்துவிட்டால் அவர் தோற்றார் என்று அர்த்தம்.

ஆனையூரில் எங்கள் பக்கத்து வீடு அவருடையது. தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் அக்காதான். பெயரை நானும் எழுதாமல் விடுகிறேன். மகள் இப்போது வேலைக்குப் போகிற இடத்தில் வீட்டுக் கதை தெரியாது. நந்தினி என்று நான் எழுதுவதும் மாற்றிய பெயர்தான்.

நாங்கள் அங்கே குடிபோன அன்றே அக்காவைத் தெரிந்துகொண்டோம். சாமான் இறக்கியவர்கள் பேசிய கூலிக்கு மேல் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நான் பையில் கைவிட்டபோது பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. “எம்புட்டு கேக்குறாங்க தம்பி?” ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். மாடிப்படி எத்தனை, பீரோ எத்தனை என்று எல்லாம் கேட்டு, அவர்கள் கூடுதலாகக் கேட்டதில் பாதியைக் குறைத்துவிட்டார். அவர்கள் முகம் வாடியது. “இருங்க, சாப்ட்டுப் போங்க” என்று நான்கு பேரையும் தன் வீட்டு வாசலில் உட்காரவைத்து, சோறும் மீன்குழம்பும் போட்டார். குறைத்த கூலியை விடச் சாப்பாட்டுச் செலவு கூடத்தான் இருக்கும். பிறகு என் மனைவி அதைச் சொன்னபோது, “கூலி கேட்டது அநியாயம். பசி அநியாயமில்லையே” என்றார்.

பேரம் அவருக்குக் காசு மிச்சம் பண்ணுகிற காரியமாக மட்டும் இருந்ததில்லை என்று நினைக்கிறேன். ஒரு விலையைச் சொன்னதும் அப்படியே கொடுத்துவிட்டு வருவது அவருக்கு ஏதோ குனிந்து போவது மாதிரி இருந்தது. ஒரே விலை என்று போர்டு தொங்குகிற ஜவுளிக்கடையிலும் கேட்பார். ஸ்கேன் எடுக்கிற இடத்திலும் கேட்பார். என் மனைவிக்கு வயிற்று வலி வந்து ஸ்கேனுக்குப் போனபோது அக்காவும் கூட வந்து, கவுண்டரில் இருந்த பெண்ணிடம் கால் மணி நேரம் பேசி நூற்றைம்பது ரூபாய் குறைத்தார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. “கேட்டா வாயா தேஞ்சிரும்?” என்றார்.

அவர் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டினார். வாடகை பேசத் தெரியாது. “குடுக்கிறதக் குடுங்கண்ணே” என்பதுதான் அவருக்குத் தெரிந்த கணக்கு. கறிக்குழம்பில் உப்பு இல்லை என்றால் கூடக் கேட்டு வாங்கமாட்டார், அப்படியே சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார் என்று அக்கா குறைப்படுவார். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். எதிரில் பார்த்தால் சிரிப்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அந்த அண்ணன்தான் ஒருநாள் தவிட்டு மூட்டை ஏற்றிக்கொண்டு உசிலம்பட்டி பக்கம் போனார். வழியில் போலீஸ் நிறுத்தி மூட்டைகளைக் குத்திப் பார்த்தபோது தவிட்டுக்குள் கஞ்சாப் பொட்டலங்கள் இருந்தன. மூட்டைக்காரன் வண்டியில் வந்திருக்கவில்லை. போன் நம்பரும் செத்துப்போயிருந்தது. அவனைக் கடைசிவரை யாரும் பிடிக்கவில்லை. வண்டியும் அண்ணனும்தான் கையில் கிடைத்தார்கள்.

அக்கா அழுததை அன்றைக்கு ஒருமுறைதான் பார்த்தேன். அழுகையோடு அழுகையாக ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். “ரெட்டை வாடகை பேசிருக்கான் தம்பி அந்த ஆளு. பேரம் பேசாம ஒருத்தன் ரெட்டை வாடகை தாரான்னா எதுக்குத் தாரான்னு கேக்க வேணாமா? ஒரு வார்த்தை கேட்டிருந்தா முழிச்சிருப்பானே. இவருக்குக் கேக்கத் தெரியலயே.”

ஜாமீன் கிடைக்கவில்லை. அண்ணன் உள்ளே இருக்க இருக்கவே வழக்கு நடந்தது. சிம்மக்கல்லில் ஒரு மொத்த மருந்துக் கடையில் நான் கணக்கு எழுதுகிறேன். எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும் என்பதால் வக்கீலிடம் போகும்போதெல்லாம் அக்கா என்னைத் துணைக்கு அழைப்பார். வக்கீல் ஃபீஸில் பேரம் நன்றாகவே நடந்தது. அந்த வக்கீலுக்கும் அக்காவைப் பிடித்துப்போனது.

தீர்ப்பு நாளன்று நானும் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். குற்றவாளி என்று சொல்லிவிட்டு, தண்டனை பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நீதிபதி அண்ணனைக் கேட்டார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, “ஒண்ணுமில்லங்கய்யா” என்றார். எனக்குப் பக்கத்தில் பெஞ்சு அசைந்தது. அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

“ஐயா, கொஞ்சம் கொறச்சுக்கங்கய்யா.”

இரண்டு வக்கீல்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். கோர்ட் போலீஸ்காரர் “ஏம்மா, உக்காரும்மா” என்று வேகமாக வந்தார். அக்கா உட்காரவில்லை. “வருசத்தையும் கொறைங்க, ரூவாயையும் கொறைங்க. வண்டி ஓட்டுன ஆளுங்கய்யா. மூட்டை அவரோடது இல்ல.”

நீதிபதி கோபப்படவில்லை. “உட்காருங்கம்மா” என்று மட்டும் சொன்னார். பிறகு வாசித்தார். மூன்று வருஷம் சிறை. ஒரு லட்சம் அபராதம். கட்டத் தவறினால் மேலும் ஒரு வருஷம். தீர்ப்புக்கு முன்னால் உள்ளே இருந்த காலத்தைத் தண்டனையில் கழித்துக்கொள்ளலாம்.

வெளியே வேப்பமரத்தடியில் வைத்து அக்கா வக்கீலைக் கேட்டார். “நான் சொன்னதுக்கு அப்புறம் கொறச்சாரா, இல்ல முன்னாடியே மூணுன்னு எழுதி வச்சிருந்தாரா?” “அதெல்லாம் யாருக்கும்மா தெரியும்” என்றார் அவர். அப்பீல் போகலாம், ஆனால் அதற்குத் தனிச்செலவு, உடனே முடியாது என்றும் சொன்னார். அக்கா அதைக் காதில் வாங்கினாரா தெரியவில்லை. முதலில் நான்கு வருஷம் இருந்திருக்கும், தான் எழுந்து நின்றதால் ஒன்று குறைந்தது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார். நாங்களும் அதை மறுக்கவில்லை.

அதற்குப் பிறகு அக்கா நைட்டி வியாபாரம் ஆரம்பித்தார். மொத்தக் கடையில் எடுத்து ஆனையூர், கூடல்நகர் என்று வீடு வீடாகக் கொண்டுபோய் விற்பார். வாங்குகிற இடத்தில் ஒரு ரூபாய் விடமாட்டார். விற்கிற இடத்தில் யாராவது குறைத்துக் கேட்டால் உடனே கொடுத்துவிடுவார். “இப்படி வித்தா என்னக்கா நிக்கும்?” என்று என் மனைவி கேட்டாள். “கேக்குறாகளே, என்ன செய்ய” என்றார் அக்கா.

ஜெயிலில் ஆளைப் பார்ப்பதை இங்கே மனுப் பார்ப்பது என்பார்கள். அரசரடிக்குப் பஸ் ஏறிப் போய், ஆதாரைக் காட்டி எழுதிக்கொடுத்து, வெயிலில் உட்கார்ந்திருக்க வேண்டும். கூப்பிட்டதும் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று பேச வேண்டும். இடுப்புவரை சுவர், அதற்கு மேல் வலை. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவதால் யார் பேசுவதும் யாருக்கும் சரியாகக் கேட்காது. அண்ணன் மெதுவாகப் பேசுகிறவர். வாயசைவைப் பார்த்துத்தான் அக்கா புரிந்துகொள்வார்.

அண்ணன் உள்ளே நெசவுப் பிரிவில் வேலை பார்த்தார். அந்தக் கூலியைச் சேர்த்து அபராதத்தைக் கட்டிவிடலாம் என்று அக்கா கணக்குப் போட்டிருந்தார். கூலியில் சாப்பாட்டுச் செலவுக்கு ஒரு பங்கும், குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கு என்று ஒரு பங்கும் பிடித்துக்கொண்டு மீதிதான் வரும் என்பது பிறகுதான் தெரிந்தது. “அடைச்சு வைக்கிறதும் அவங்க, சோத்துக்குக் காசு குடுக்கிறது இவரா?” என்று என்னைக் கேட்டார்.

மூன்று வருஷம் முடிகிற மாதம் அக்கா வீட்டுக்கு வெள்ளையடித்தார். அபராதம் பாக்கி இருப்பது அவருக்குத் தெரியும். ஆனால் தீர்ப்புக்கு முன்னால் அண்ணன் உள்ளே கிடந்த காலம் முழுவதும் அபராதத்துக்கும் சேர்த்துத்தான் கழியும் என்று அவராக நினைத்துக்கொண்டிருந்தார். வக்கீல் ஆபீசில் வைத்துத்தான் அது உடைந்தது.

“அது தண்டனைக்குக் கழிஞ்சிருச்சும்மா. அபராதத்துக்குக் கழியாது. பணம் கட்டலன்னா இனிமேதான் அந்த ஒரு வருஷம் ஆரம்பிக்கும்.”

“ஏன் சார் கழியாது? அதுவும் அதே ஜெயிலுதானே.”

“சட்டம் அப்படித்தாம்மா.”

வக்கீலுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். “முழுசா கட்டணும்னு இல்ல. உள்ள இருக்கிற நாளுக்குத் தக்க கொறையும். பாதி வருஷம் இருந்துட்டுப் பாதிப் பணம் கட்டினாலும் விட்டுருவாங்க” என்றார்.

“அப்ப ஒரு நாளைக்கு எம்புட்டு?”

வக்கீல் செல்போனில் வகுத்துப் பார்த்தார். “இருநூத்தி எழுபத்திநாலு ரூபா வரும்.”

“வண்டி ஓட்டுனப்ப டீசல் போக இதவிடக் கூடக் கொண்டாருவாரு” என்றார் அக்கா.

அந்த வருஷம்தான் நந்தினி பிளஸ் டூ முடித்திருந்தாள். ஒரு தனியார் கல்லூரியில் நர்ஸிங் இடம் கிடைத்திருந்தது. அக்காவிடம் நகையை விற்றதும் நைட்டி விற்றதும் சேர்த்து ஒரு தொகை இருந்தது. மகளுக்கும் வேண்டும், புருஷனுக்கும் வேண்டும். இருந்தது ஒருவருக்குத்தான் காணும்.

கல்லூரியில் பேசிக் குறைத்துவிட்டால் மீதியைக் கோர்ட்டில் கட்டலாம் என்று கிளம்பினார். நந்தினியும் நானும் கூடப் போனோம். பஸ்ஸில் நந்தினி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். “அம்மா, அப்பா ஜெயில்ல இருக்காருன்னு மட்டும் சொல்லிறாதம்மா. நாலு வருஷம் நான் அங்கன படிக்கணும்.” அக்கா சரி என்றார்.

ஆபீசில் இருந்தவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். “கஷ்டம்னு எல்லாரும்தான் சொல்றாங்க. அப்பா என்ன பண்றாரு?” என்று கேட்டார்.

அக்காவின் வாய் திறந்து மூடியது. உண்மையைச் சொன்னால் அந்த மனிதர் குறைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. அக்காவுக்கும் தோன்றியிருக்கும். நந்தினி மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வெளியூர்ல இருக்காருங்க” என்றார் அக்கா. “டிரைவரு.”

“அப்ப சம்பாத்தியம் இருக்குல்ல” என்றார் அவர். அதோடு பேச்சு முடிந்தது. ஒரு பைசா குறையவில்லை.

அந்த வாரம் மனுப் பார்க்க என்னையும் கூட்டிப்போனார். வலைக்கு அந்தப் பக்கம் அண்ணன் மெலிந்து, தலை நரைத்து நின்றார். அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, “என்ன செய்யட்டும், நீங்க சொல்லுங்க” என்று கத்தினார்.

“பாப்பாவுக்குக் கட்டிரு. நான் இருந்துட்டு வாரேன்.”

“யோசிச்சுச் சொல்லுங்க.”

“இதுல என்ன யோசிக்க.”

“ஒரு தடவையாச்சும் எனக்கு இது வேணும்னு வாயத் தொறந்து கேளுங்களேன்” என்றார் அக்கா. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் சிரித்தார். தெருவில் என்னைப் பார்த்துச் சிரிக்கிற அதே சிரிப்பு. நேரமாகிவிட்டது என்று காவலர் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். “எதுத்துப் பேசுற ஆளுகிட்டதான் தம்பி பேரம் பேச முடியும். எல்லாத்தையும் எடுத்துக்கன்னு குடுத்துர்ற ஆளுகிட்ட என்னத்தப் பேச.”

கல்லூரிக்குக் கட்டினார். அண்ணன் உள்ளே இருந்தார்.

அதன் பிறகு அக்கா நாள் எண்ண ஆரம்பித்தார். வாசலில் கோலம் போடும்போது என் மனைவியைப் பார்த்தால், இன்றைக்குவரை இவ்வளவு கழிந்துவிட்டது, இன்னும் இவ்வளவுதான் பாக்கி என்று சொல்வார். சொல்லும்போது முகத்தில் ஒரு மலர்ச்சி கூட இருக்கும். தெருவில் இரண்டு பெண்கள் பின்னால் பேசினார்கள். என் மனைவியே ஒருநாள், “புருசன வட்டிக்கு விட்ட மாதிரியில்ல பேசுறாங்க” என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜெயிலுக்குள் மனிதர் கிடக்கிற ஒவ்வொரு நாளும் சும்மா போகவில்லை என்று அவர் தன்னிடமே சொல்லிக்கொண்டிருந்தார். வேறு எதைச் சொல்லிக்கொண்டு அவர் தூங்கப் போவார்?

தை மாதம் அக்கா போட்டிருந்த சீட்டுப் பணம் வந்தது. கழிந்த நாள் போக மீதி அபராதத்துக்கு அது சரியாக இருந்தது. “இப்பக் கட்டினா இந்த வாரமே விட்டுருவாங்க” என்றார் வக்கீல். ஆனால் மாசியில் நந்தினிக்கு ஹாஸ்டல் பணம் கட்ட வேண்டியிருந்தது. இன்னும் ஒரு மாதம் பொறுத்தால் எட்டாயிரத்துக்குமேல் கழியும், அது ஹாஸ்டலுக்கு ஆகும். அக்கா மறுபடியும் போய் அண்ணனிடம் கேட்டார். “ஒரு மாசந்தானே, இருக்கேன்” என்றாராம்.

அன்றைக்கே அவர் காலில் புண் இருந்திருக்கிறது. சர்க்கரை இருப்பது அவருக்கே தெரியாது. ஏதோ குத்திய இடம் பழுத்திருந்தது. உள்ளே இருந்த மருத்துவரிடமும் அவராகப் போய்ச் சொல்லவில்லை. ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு நின்றுதான் அக்காவிடம் பேசியிருக்கிறார். வலைக்குக் கீழே சுவர். கால் எப்படித் தெரியும்?

மாசியில் ஒரு காலை ஜெயிலிலிருந்து போன் வந்தது. காய்ச்சலில் நினைவு தப்பிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். கோரிப்பாளையம் டிராபிக்கில் ஆட்டோ நகரவே இல்லை. அக்கா இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் ஆட்டோவுக்குக் காசு கொடுத்துவிட்டுப் பின்னால் ஓடினேன்.

கைதி வார்டில் போலீஸ்காரர் ஒருவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அண்ணனின் வலது பாதம் வீங்கி, இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. வாடை வந்தது. டாக்டர் இளம் வயதுக்காரர். அழுகிய பகுதியை எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் மேலே ஏறிவிடும் என்றார்.

“எம்புட்டு எடுப்பீங்க?” என்று கேட்டார் அக்கா.

“திறந்து பார்த்தாத்தான் தெரியும். முன்பாதம் வரைக்கும் போகலாம்.”

“விரலோட நிறுத்திக்கங்கய்யா. கறுத்தது ரெண்டு விரலுதானே. ரெண்ட எடுத்துக்கங்க. மூணுன்னாலும் பரவாயில்ல. பாதம் வேணாம். வண்டி ஓட்டுற ஆளு, பிரேக்க மிதிக்கணும்.”

“அம்மா, நான் என்ன வேணும்னேவா எடுக்கிறேன்?” என்றார் டாக்டர். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “முடிஞ்சவரை பார்க்கிறேன்மா” என்றார். அக்கா அவர் பின்னாலேயே வராந்தாவின் முனைவரை போனார். மூணு, மூணோட நிறுத்திக்கங்க என்று சொல்லிக்கொண்டே போவது எனக்குக் கேட்டது. போலீஸ்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

விரல்கள் ஐந்தும் போய், முன்பாதமும் போயிற்று. குதிகால் மிஞ்சியது.

மறுநாள் அக்கா இருந்த பணத்தை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். வக்கீல் மனு எழுதிக் கொடுத்தார். பணம் வாங்குகிற இடத்தில் இருந்த குமாஸ்தா கணக்குப் பார்த்து, “ஆஸ்பத்திரியில இருக்கிற நாளும் கழியும்மா, கவலப்படாதீங்க” என்று ஆறுதலாகச் சொன்னார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அக்கா அவரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு நோட்டுகளை உள்ளே தள்ளினார்.

உத்தரவு ஜெயிலுக்குப் போய், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு வர மறுநாள் மதியமாகிவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த போலீஸ்காரர் போனில் பேசிவிட்டு எழுந்தார். தண்ணீர்ப் பாட்டிலையும் துண்டையும் எடுத்துக்கொண்டு, “வாரேன்மா, பாத்துக்கங்க” என்றார். விடுதலை என்பது அவ்வளவுதான். அண்ணன் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்து அக்கா எங்கள் வாசலில் நின்று ஒன்று கேட்டார். “தம்பி, தையிலயே கட்டிருந்தா கால் இருந்திருக்குமா?”

சர்க்கரை முற்றியிருந்தது, எங்கே இருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை நானும் சொன்னேன்.

“அவரு அப்படித்தான் சொன்னாரு” என்றார் அக்கா. “ஆனா வீட்ல இருந்திருந்தா நான் காலைப் பாத்திருப்பேனே.”

சொல்லிவிட்டு அக்கா தன் வீட்டுக்குள் போய்விட்டார்.

நாங்கள் ஆனையூரை விட்டு வந்து சில வருஷம் ஆகிறது. கடைசியாக அவர்களைப் பார்த்தது வீடு காலி செய்த அன்று காலையில். சொல்லிக்கொள்ளப் போனேன். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஒரு ஸ்டூலில் நீட்டியிருந்தார். அக்கா தரையில் உட்கார்ந்து கட்டைப் பிரித்துப் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆறிக்கொண்டு வந்த புண் ஓர் ஓரத்தில் மறுபடி சிவந்திருந்தது.

“வலிக்குதா?” என்றார் அக்கா.

“இல்ல.”

அக்கா இன்னொரு இடத்தில் பஞ்சை வைத்தார். “இங்க?”

“அதெல்லாம் இல்ல.”

“நெசமா?”

அண்ணன் தெருவைப் பார்த்தார். அக்கா பஞ்சை எடுக்கவில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்து நிற்பதை இருவருமே கவனிக்கவில்லை.

“நெசமாத்தான் கேக்குறேன். வலிக்குதா, இல்லையா?”

“கொஞ்சம்” என்றார் அண்ணன்.

“அதச் சொல்றதுக்கு இம்புட்டு நேரமா” என்று சொல்லிவிட்டு, அக்கா பஞ்சை எடுத்துக் காலுக்குப் பக்கத்தில் குனிந்து ஊத ஆரம்பித்தார்.